ஜாவா மனுசரும் நாமும்: கொம்பனித்தெருக் குறிப்புகள்

சில வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வந்திருந்த எழுத்தாள நண்பர் ஒருவர் எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். இடியப்பம், சொதி, சம்பல். சம்பலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது துவையலா, சட்னியா?" என்று கேட்டார். "இரண்டுமில்லை, சம்பல்" என்றேன். "சம்பல் என்றால் என்ன பொருள்?" என்பது அடுத்த கேள்வி. சம்பல் என்றால் சம்பல்தானே! பிறந்ததிலிருந்து தின்று வரும் ஒரு பண்டத்தின் பெயருக்கு என்னிடம் விளக்கம் இருக்கவில்லை.

அந்தச் சொல் தமிழல்ல, சிங்களமும் அல்ல. ஜாவாவிலிருந்தும் மலாய் நாடுகளிலிருந்தும் வந்தது. அங்கே மிளகாயை உப்போடு சேர்த்து அம்மியில் அரைப்பதற்குச் 'சம்பல்' என்று பெயர். இங்கே வந்தபின் அதில் தேங்காய்ப்பூ சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டிலும், மாத்தறைச் சிங்கள வீட்டிலும், காத்தான்குடியிலும் அதே சொல்தான். நாம் இடுப்பில் உடுத்தும் சாரமும் அப்படித்தான். 'சாரோங்' என்ற மலாய்ச் சொல் அது. றம்புட்டான் பழம் விற்கிற மல்வானைக்காரரிடம் போய் அது மலாய்ச் சொல், 'றம்புத்' என்றால் மயிர் என்று சொன்னால் நம்பமாட்டார். ஒரு சிறிய சமூகம் முழு நாட்டின் வாயிலும் இடுப்பிலும் தன் சொற்களை வைத்துவிட்டு, தான் மட்டும் ஓரமாக நிற்கிறது. அவர்களைத்தான் எம்மவர் 'ஜாவா மனுசர்' என்று அழைத்து வந்தனர்.

நான் பிறந்து வளர்ந்தது கொம்பனித்தெருவில். பேறை வாவிக்கும் காலி முகத்திடலுக்கும் இடையிலுள்ள பகுதி. 'கொம்பனி' என்பது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி. ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத்தீவு என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. பகலில் கோட்டையில் வேலை வாங்கப்பட்ட ஆபிரிக்க அடிமைகளை இரவில் வாவி சூழ்ந்த இந்நிலத்தில் அடைத்து வைத்தார்கள். வாவியில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்றொரு கதையும் உண்டு. 2022இல் அரசாங்கம் ஆங்கிலத்திலும் 'கொம்பஞ்ஞ வீதிய' என்றே எழுதவேண்டும் எனப் பணித்தது. பெயரிலிருந்து அடிமை போய்விட்டான், கம்பனி இருக்கிறது. இதில் எது முன்னேற்றம் என்று எனக்கு விளங்கவில்லை.

மலே வீதி, றைபிள் வீதி, ஜாவா ஒழுங்கை - இவை எங்கள் பகுதியின் தெருப்பெயர்கள். பெயர்களை வாசித்தாலே பாதி வரலாறு முடிந்துவிடும். ஒல்லாந்தருக்குத் தலைநகரம் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. அங்கே தமக்குத் தொல்லை கொடுத்த அரசர்களையும் இளவரசர்களையும் மார்க்க அறிஞர்களையும் அவர்கள் கப்பலேற்றி அனுப்பிய இடம் இலங்கை. மக்கஸாரைச் சேர்ந்த ஷெய்கு யூசுப் 1684இல் இங்கு கொண்டுவரப்பட்டார். சுமார் பத்து வருடங்கள் இங்கிருந்தார். ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் இலங்கையில் இறங்கிய ஜாவா யாத்திரிகர்களோடு அவர் தொடர்பு வைத்திருந்ததை அறிந்த கம்பனி, 1694இல் அவரைத் தென்னாபிரிக்காவின் முனைக்கு மாற்றியது. 1699இல் அவர் அங்கே மரணித்தார். தென்னாபிரிக்க முஸ்லிம்கள் தம் வரலாற்றை அவரிலிருந்தே தொடங்குகிறார்கள். இந்தோனேசியா 1995இல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தது. இடையில் அவர் வாழ்ந்த இலங்கையில் எம்முடைய எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் அவர் பெயரைப் படித்ததில்லை. 1708இல் ஜாவாவின் மத்தராம் அரசர் மூன்றாம் அமங்குராத் நாடுகடத்தப்பட்டு இங்கு வந்தார். எகிப்திலிருந்து 1883இல் வந்த அறாபி பாஷாவை நினைவுகூராத இலங்கை முஸ்லிம் வரலாறு ஏதும் உண்டா? துருக்கித் தொப்பியிலிருந்து ஸாஹிறாக் கல்லூரி வரை அவரை வைத்தே பேசுகிறோம். அதில் பிழையில்லை. ஆனால் அவருக்கு இருநூறு வருடங்களுக்கு முன்பே ஷெய்கு யூசுப் வந்தார். அவர் வந்த திசை வேறு, அவ்வளவுதான். எங்கள் பார்வை எப்போதும் மேற்கே, அரபுக்கடலை நோக்கியே இருந்து பழகிவிட்டது.

அரசர்களைவிடக் கூடுதலாக வந்தவர்கள் சிப்பாய்கள். ஒல்லாந்தர் அவர்களைக் கண்டி அரசுக்கு எதிரான போர்களில் பயன்படுத்தினர். பின்வந்த ஆங்கிலேயர் அவர்களைக் கொண்டு ஒரு படையணியே அமைத்தனர். 'சிலோன் றைபிள்' என்ற அந்தப் படையணி 1873இல் கலைக்கப்பட்டது. அதன் பின்னர் பொலிஸ், சிறைச்சாலை, தீயணைப்புப் படை, தேயிலைத் தோட்டம் என்று அவர்கள் சிதறினார்கள். கலைக்கப்படுவதற்கு ஒரு வருடம் முன், 1872இல், கொழும்பு மலே கிரிக்கெட் கழகம் தொடங்கப்பட்டது. அவர்களின் மைதானத்துக்குப் பெயர் 'பாடாங்'. அதுவும் மைதானத்துக்கான மலாய்ச் சொல்லே. நாங்கள் சிறுவர்களாகப் 'பாடாங்குக்குப் போறோம்' என்று வீட்டில் சொல்லிவிட்டு ஓடிய காலத்தில், அதை ஆங்கிலச் சொல் என்று நினைத்திருந்தோம்.

வேகந்தைப் பள்ளிவாசலின் வரலாறு 1786இல் பாண்டான் பாலி என்ற ஜாவாக்காரர் கொடுத்த நிலத்தோடு தொடங்குகிறது. கொழும்புப் பெரிய பள்ளிவாசல் சோனகரின் பள்ளிவாசல் என்பதே பொதுவான எண்ணம். அது 1820களில் புதிதாக எடுத்துக் கட்டப்பட்டபோது வரைபடம் போட்டவர் முகம்மது பலங்காயா என்ற மலாயப் பொறியியலாளர். நாடுகடத்தப்பட்டு வந்த கோவா அரச குடும்பத்தவர் அவர். ஸாஹிறாவை ஸாஹிறாவாக ஆக்கிய அதிபர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ரி.பி. ஜாயாவும் மலாயர்தான். 1921இல் பொறுப்பேற்றவர் கால் நூற்றாண்டுக்கு மேல் அக்கல்லூரியை நடத்தினார். 1960இல் மதீனாவில் காலமானார். அவர் பெயரை உச்சரிக்கும்போது மட்டும் நாம் அவரை மலாயர் என்று சொல்வதில்லை, முஸ்லிம் தலைவர் என்கிறோம். கெட்டிக்காரர்களாக இருந்தால் எம்மவர். மற்றபடி ஜாவா மனுசர்.

இனி, அடுப்படிக்குப் போவோம். எனக்கு விஷயம் தெரிந்த இடம் அதுதான்.

எங்கள் தோட்டத்தில் பதினொரு வீடுகள். தோட்டம் என்றால் மரம் செடி உள்ள தோட்டம் என்று வெளியூர் வாசகர்கள் எண்ண வேண்டாம். ஒரு தண்ணிப்பைப்பும் இரண்டு கக்கூசும் பொதுவாயிருந்த வரிசை வீடுகள். சோனக வீடுகள் ஐந்து, மலாயர் வீடுகள் மூன்று, தமிழ் வீடுகள் இரண்டு, சிங்கள வீடு ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிழவி இருந்தார். எல்லோரும் 'நெனே' என்போம். பாட்டிக்கு மலாய் மொழியில் அதுதான் சொல். நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் இரவு உம்மாவும் நெனேயும் சேர்ந்தே வட்டிலப்பம் அவிப்பார்கள். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய். கருப்பட்டியைக் கரைத்து வடிப்பது உம்மாவின் வேலை. முட்டை அடிப்பதை நெனே யாரிடமும் விடமாட்டார். கூடுதலாக நுரை வந்தால் வட்டிலப்பத்தில் ஓட்டை விழும், குறைந்தால் அடியில் தங்கும் என்பது அவருடைய கட்சி. ஓட்டை விழவேண்டும், ஓட்டையில்தான் பாணி நிற்கும் என்பது உம்மாவின் கட்சி. இந்த வழக்கு ஒவ்வொரு பெருநாளும் நடந்து ஒரு பெருநாளும் முடியவில்லை.

வட்டிலில் அவிக்கும் அப்பம் என்று அதன் பெயருக்குத் தமிழில் அழகான விளக்கம் சொல்லலாம். சொல்லியும் வருகிறோம். ஆனால் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்து ஆவியில் அவிக்கும் 'செரிகாயா' மலாய் நாடுகளில் இன்றும் வீட்டுக்கு வீடு உண்டு. கித்துள் கருப்பட்டி இந்த மண்ணின் பங்கு. பெயர் தமிழ், கைமுறை மலாய், இனிப்புச் சிங்களக் கிராமத்துக் கித்துள் மரத்தினது. அதை எம்முடைய தனித்துவமான முஸ்லிம் உணவு என்று மேடையில் பேசுவோரைக் கேட்கும்போது எனக்கு நெனேயின் முட்டை அடிக்கும் கைதான் நினைவுக்கு வரும்.

நெனே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பிட்டும் பாபத்தும். பாபத் என்றால் மாட்டின் இரைப்பை. அதைச் சுண்ணாம்பு தேய்த்துச் சுரண்டி வெள்ளையாக்க அரைநாள் வேண்டும். எங்கள் உம்மும்மா அதைத் தொடமாட்டார். ஆனால் மூடி வந்த கோப்பை காலியாகத்தான் திரும்பிப் போகும். எங்கள் வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு ஸஹன் சாப்பாடு போகும். ஆறுபேர் ஒரே தாம்பாளத்தில் உண்பது. 'ஸஹன்' அரபுச் சொல். தெருமுனையில் பறங்கிக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் நத்தாருக்கு லம்பிரைஸ் கட்டி விற்பார். வாழையிலையில் சோறும் கறிகளும் வைத்து மடித்து வாட்டுவது. அது ஒல்லாந்தர் உணவு என்பார்கள். ஒல்லாந்தில் வாழை ஏது? ஜாவாவின் 'லெம்பர்' என்ற இலைப்பொதிதான் ஒல்லாந்தப் பெயர் சூடிக்கொண்டு பத்தாவியாவிலிருந்து வந்தது. ஒரே கப்பலில் எசமானும் கைதியும் வந்தார்கள். இருவரின் சோறும் கொம்பனித்தெருவில் இருநூறு யார் இடைவெளியில் வெந்தது.

பொழுதுபோக்கென்றால் எங்களுக்கு நவா, பிறகு றியோ. இரண்டும் நவரத்தினம் குடும்பத்தினருடையவை. றியோ 1965இல் எழுபது மில்லிமீற்றர் திரையோடு திறக்கப்பட்டது, முதற்படம் 'சவுத் பசிபிக்'. அமெரிக்கப் படம், கதை நடக்கும் இடம் பசிபிக் தீவு. படத்தைப் பார்த்துவிட்டு வந்த நெனேயின் மகன், கடலும் தென்னையும் எங்கள் பாட்டன்மார் ஊர் மாதிரி இருந்தது என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவர் இலங்கையை விட்டு வெளியே கால்வைத்தவரல்லர். தேநீர்க் கடைகளில் புதன் இரவு இலங்கை வானொலியின் ஹிந்தி சேவையில் அமீன் ஸயானியின் 'பினாக்கா கீத்மாலா'. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, விமானத்தில் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து மீண்டும் இந்தியா முழுவதற்கும் போன குரல். 1952இல் இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியதால் எமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அது. மலாயர் கல்யாணங்களில் மட்டும் கிழவர்கள் இரண்டு கட்சியாய் உட்கார்ந்து 'பந்துன்' பாடுவார்கள். நான்கடிப் பாட்டுக்கு நான்கடியில் பதில். எங்களுக்கு ஒன்றும் விளங்காது, அவர்கள் சிரிக்கும்போது நாங்களும் சிரிப்போம். 1983 ஜூலையில் றியோ எரிக்கப்பட்டது. அந்த வாரம் எங்கள் தோட்டத்தின் இரண்டு தமிழ் வீடுகளில் ஒன்று நெனேயின் மகன் வீட்டுக்குள் இருந்தது. மற்றது எங்கள் வீட்டில். பிறகு இரண்டு குடும்பங்களும் போய்விட்டன. தோட்டத்தின் பெரிய மாற்றம் அன்றுதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தபோதும், தொடர்ந்து அடுக்குமாடிகள் எழுந்தபோதும், போவதற்கு ஆட்கள் ஏற்கெனவே குறைந்திருந்தனர்.

இனி நான் சொல்ல வேண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

இலங்கை முஸ்லிம்களின் பத்திரிகை வரலாற்றை எழுதுவோர் 1882இல் அறிஞர் சித்தி லெப்பை தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' என்பதையே தலைவாசலாகக் கொள்வர். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அதற்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன், 1869இல், கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் என்ற மலாயர் 'அலாமத் லங்காபூரி' என்ற பத்திரிகையைக் கல்லச்சில் வெளியிட்டார். மலாய் மொழி, அரபு எழுத்து. உலகிலேயே மலாய் மொழியில் வெளிவந்த முதற் பத்திரிகைகளில் ஒன்று அது. சிங்கப்பூரின் புகழ்பெற்ற 'ஜாவி பெரானாக்கான்' வந்தது 1876இல்தான். சல்தீன் 1895இல் 'வஜா சேலோங்' என்ற இன்னொரு பத்திரிகையும் தொடங்கினார். அது சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போனது. கொழும்பிலிருந்து கிழக்கு நாடுகளுக்குச் செய்தி அனுப்பிய முஸ்லிம் பத்திரிகையாளர் எமது பட்டியலில் ஏன் இல்லை? அவர் எழுதியது தமிழல்ல என்பது ஒரு பதில். 'இலங்கை முஸ்லிம்' என்று தலைப்புப் போட்டுவிட்டுத் தமிழ் எழுதியவர்களை மட்டும் எண்ணுவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்பது என் கேள்வி. தமிழிலக்கிய வரலாற்றில் எம்மை ஓர் அடிக்குறிப்பாக வைத்தார்கள் என்று எத்தனை கூட்டங்களில் முறையிட்டிருக்கிறோம்! அதே வேலையை நாமும் எங்கள் வீட்டுக்குள் செய்திருக்கிறோம்.

இத்தனைக்கும் அவர்கள் தமிழுக்கு வெளியே நின்றவர்களுமல்லர். பள்ளிவாசலில் குத்பாவுக்குப் பின் கேட்ட பயான் தமிழ். அவர்களின் பழைய ஏடுகளில் அரபு, மலாய், அரபுத்தமிழ் மூன்றும் ஒரே கட்டில் கலந்து கிடக்கின்றன. அவர்களின் பேச்சு மொழியே மாறிப்போனது. ஜாவாக்காரர் 'சாயா மாக்கான் நாசி' என்பார்: நான், உண், சோறு. கொம்பனித்தெருவில் 'நாசி' முன்னே வந்து 'மாக்கான்' கடைசிக்குப் போய்விட்டது, நாம் சோறு உண்கிறேன் என்பது போல. சொல்லெல்லாம் மலாய், வாக்கியம் எங்களுடையது. இதற்குத் தமிழ் காரணமா சிங்களம் காரணமா என்று மொழியியலாளர்கள் வாதாடுகிறார்கள். எங்கள் தோட்டத்துத் தண்ணிப்பைப்படியில் நின்றிருந்தால் வாதாட வேண்டியிருக்காது.

இந்த வரலாற்றை வெளியே கொண்டுவந்தவர் பேராசிரியர் பீ.ஏ. ஹுஸைன்மியா. 1987இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல் மலாயர்களைத் 'தொலைந்த உறவினர்' என்று குறிப்பிடுகிறது. அவர் வீடு வீடாகப் போய் ஏடுகளைத் தேடியதை அந்நூலில் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணம் இதுதான்.

1972இல் நெனே மௌத்தானார். நாற்பதாம் நாள் கத்தத்துக்குப் பின் அவர் மகன் அறையைத் துப்புரவாக்கினார். கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. உள்ளே கையெழுத்துக் கட்டுகள், சில தோல் அட்டையோடு, சில நூலால் கட்டப்பட்டு. கறுப்பு மசி, இடையிடையே சிவப்பு. அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்னை அழைத்தார். அப்போது எனக்குப் பதினாறு வயது, குர்ஆன் மத்ரஸாவில் ஓதி முடித்தவன், அரபுத்தமிழும் கொஞ்சம் வாசிப்பேன். எடுத்துப் பார்த்தேன். எழுத்துத் தெரிந்தது, ஸேர் ஸபர் ஒன்றும் இல்லை. ஒரு வரி கூட ஓடவில்லை. புள்ளிகளும் ஒலிக்குறிகளும் நிறைந்த அரபுத்தமிழில் பழகிய கண்ணுக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. மலாயர் அந்த எழுத்துக்கு வைத்த பெயரும் 'குண்டுல்', மொட்டை என்று பின்னர்தான் அறிந்தேன்.

"என்ன மகன், கிதாபா?" என்று கேட்டார்.

"கிதாபு மாதிரித்தான் இருக்கு, மாமா."

"அப்ப கீழ போட ஏலா. பள்ளிக்குக் கொண்டு போய்க் குடுத்துட்டு வா."

பழைய குர்ஆன் தாள்களை மரியாதையாகப் புதைக்கும் குழி பள்ளிவாசலின் பின்புறத்தில் இருந்தது. மாச்சாக்கில் கட்டி, தோளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நடை. நற்காரியம் செய்த திருப்தியோடு வீடு திரும்பினேன். நெனேயின் மகள் எனக்கு ஒரு கோப்பை பாபத் தந்தார்.

அதில் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாது. மவ்லூதாக இருக்கலாம், கடன் கணக்காக இருக்கலாம், கல்யாணத்தில் பாடிய பந்துன்களாக இருக்கலாம். தமிழில் 1572இல் எழுதப்பட்ட ஆயிர மசலா என்ற கிதாபு மலாயிலும் ஜாவானிய மொழியிலும் உண்டு. அதன் ஒரு பிரதி இருந்திருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வது என் ஆசை, வேறொன்றுமில்லை. நான் வரலாற்றுக் கட்டுரை எழுதுகிறவன் என்று பெயரெடுத்தபின் இதை எவரிடமும் சொன்னதில்லை.

2010களில் பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு ஆய்வாளர் ரொனித் ரிச்சி போன்றோர் இலங்கை மலாயர் வீடுகளில் எஞ்சிய ஏடுகளைப் படம்பிடித்துப் பாதுகாத்தனர். அப்படங்களை இப்போது எவரும் பார்க்கலாம். என் மருமகன் கணினியில் எடுத்துத் தந்தான். ஒவ்வோர் ஏட்டின் அட்டையையும் பார்த்துக்கொண்டு போனேன். சிவப்பு நூல் கட்டு ஒன்றைத் தேடுகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. சில பக்கங்களில் அரபுத்தமிழ் வந்தது, அதை வாசித்துச் சொன்னேன். அடுத்த பக்கம் குண்டுல். "இதையும் வாசிங்க மாமா" என்றான்.

நெனேயின் பேரப்பிள்ளைகள் மெல்பனில் இருக்கிறார்கள். போன பெருநாளைக்குத் தொலைபேசியில் அழைத்து, வட்டிலப்பத்துக்கு முட்டையை எவ்வளவு நேரம் அடிப்பது என்று என் மனைவியிடம் கேட்டார்கள். உம்மாவின் முறையைத்தான் அவரால் சொல்ல முடிந்தது.